பூனைப் பாடமும் வட்டிப் பாடமும்

ஆங்கிலம் தெரிந்தால் போதும், காரைக்குடியில் உட்கார்ந்தபடி கைபேசியில் ஸ்பானிய மொழி படிக்கலாம். முதல் பாடத்தில் சிறுவன் ஆப்பிள் தின்பான், பூனை பால் குடிக்கும். உடனே திரை பாராட்டும். பக்கத்துக் கானாடுகாத்தானின் பழைய மாளிகைகளைப் பார்க்க வந்த ஸ்பெயின்காரர் கழிப்பறை எங்கே என்று கேட்டால் பூனையைக் காட்டிச் சமாளிக்க வேண்டியதுதான்.

இந்த ஊர்ப்பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பையன்கள்தான் ஒரு காலத்தில் பர்மாவுக்கும் சைகோனுக்கும் கப்பலேறினார்கள். அங்கே வட்டித் தொழில் நடந்த கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாவதற்குள் அந்த ஊர்ப் பேச்சு வாயில் வந்தாக வேண்டும். அவர்கள் பாடத்தில் பூனை இருந்திருக்காது. நெல், வட்டி, அடமானம், தவணை! பாடம் நன்றாகவே ஏறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம், நெல் விலை சரிந்து கடன் திரும்பாததால், 1937-இல் 25 விழுக்காடானது. ‘நிலம் வேண்டாம், பணத்தைக் கொடு’ என்பதை மட்டும் புரியும்படி சொல்ல முடியவில்லை போலும்.

இன்றைய மாணவருக்குப் பேசியே தீரவேண்டிய அந்த நெருக்கடி இல்லை. மேசைக்கு ஸ்பானியத்திலும் ‘மேசா’தான், போர்த்துக்கீசியர் அதை நம் வீட்டிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆனாலும் ‘டேபிள்’ வழியாகச் சுற்றிப்போய் மனப்பாடம் செய்கிறோம்.

தம்பி தங்கைகளே, விலை கேட்கவும் வழி சொல்லவும் முதலில் படியுங்கள். ஆத்தங்குடித் தரைக்கல் விற்கவாவது உதவும்.