மூக்கு முதல்ல, ஆன்மா அப்புறம்

வா தம்பி, உக்காரு. காரவள்ளியில இருந்து 70 கொண்டை ஊசி வளைவு சுத்திக் கொல்லிமலை ஏறி வந்தவனுக்குத் தலை கிறுகிறுக்கத்தான் செய்யும். செம்மேட்டுல இறங்கினதும் இறங்காததுமா "உள்ளுக்குள்ள என்னமோ அசையுது தாத்தா, இதைத்தான் வரையணும்"னு சொன்னியே, அதை நான் ஞானம்னு எடுத்துக்கல. எலுமிச்சம்பழத்தை மோந்துட்டு கொஞ்ச நேரம் படு. அதுக்கு அப்புறமும் அசைஞ்சா வரையலாம்.

போன்ல நீ காட்டின படத்தைப் பார்த்தேன். சுத்தி நீலம், நடுவுல செவப்பா ஒரு தீத்தல். படம் ஒரு முழம், பக்கத்துல ஒட்டப்போற குறிப்பு ரெண்டு முழம். நீயேதான் வாசிச்சுக் காட்டின: ஆன்மா பிரபஞ்சத்தோட நடத்துற உரையாடலாம். உரையாடல்னா ரெண்டு பேர் பேசணும் கண்ணு. இங்க ஆன்மாவும் வாயைத் திறக்கல, பிரபஞ்சமும் திறக்கல. குறிப்பு மட்டும் ஓயாம பேசுது.

உருவம் இல்லாத படத்துக்கு நான் விரோதின்னு நெனச்சுக்காத. எங்க மலையில மரத்தடிக்கு மரத்தடி மஞ்சள் பூசின கல்லு நிக்குது. கண்ணு கிடையாது, மூக்கு கிடையாது. இது யாரு மாதிரி இருக்குதுன்னு இதுவரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்ல, கும்பிட்டுட்டுப் போறான். அதே ஆளைக் கொண்டுபோய் ஒரு கித்தான் முன்னாடி நிறுத்திப் பாரு, "இது மாடா மனுசனா"ன்னு அதிகாரம் பண்ணுவான். என் பங்காளி ஒருத்தன், "எங்க எருமை வாலைச் சாயத்துல முக்கிவிட்டா இதைவிட நல்லா வரையும்"னான். முக்கிப் பாருடா, ரெண்டாவது படத்தையும் அதேபோல வரையுதா, யோசிச்சு மாத்துதான்னு வந்து சொல்லுன்னு அனுப்பினேன். போனவன் போனவன்தான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு பாக்குறியா? பேத்தி கும்பகோணத்துல அரசு கவின் கலைக் கல்லூரியில படிக்கிறா. லீவுக்கு வந்தா புத்தகத்தைப் பிரிச்சு வாசிப்பா. நான் மிளகைக் காயப் போட்டுக்கிட்டே கேட்டுக்குவேன்.

காண்டின்ஸ்கின்னு ஒரு ருஷ்யாக்காரர். கலையில ஆன்மிகம் எப்படி இருக்கணும்னு 1911-ல புத்தகமே போட்டவர். ஒரு நாள் அந்தி நேரத்துல வீட்டுக்குள்ள நுழைஞ்சவர் கண்ணுல அற்புதமா ஒரு படம் பட்டுதாம். என்ன வரைஞ்சிருக்குன்னு ஒண்ணும் புரியல. கிட்டப் போய்ப் பார்த்தா அவரு வரைஞ்சதேதான், பக்கவாட்டுல சாஞ்சு நிக்குது! நம்மாளா இருந்தா நிமித்தி வச்சுட்டுச் சோறு திங்கப் போயிருப்பான். அவரு, படத்துல இருக்கிற பொருள்தான் படத்தைக் கெடுக்குதுன்னு முடிவுக்கு வந்தார். நீ இதைக் கேட்டுட்டு வீட்டுல இருக்கிறதையெல்லாம் சாய்ச்சு வைக்காத. நேரா நிக்கிற படத்தை நிறைய வரைஞ்சவருக்குத்தான் சாஞ்ச படம் ஏதோ சொல்லுச்சு.

அந்த ஞானம் எந்தக் கடைச் சரக்குன்னு பேத்தி சொன்னப்ப எனக்குச் சிரிப்பு அடங்கல. பிரம்மஞான சபை! 1882-ல இருந்து தலைமையகம் உங்க அடையாறு. சபைக்காரங்க அன்னி பெசன்டும் லெட்பீட்டரும், கோவத்துக்கு இந்த நிறம், பக்திக்கு இந்த வடிவம்னு நெனப்புக்கெல்லாம் படம் சேர்த்து 1905-ல ஒரு புத்தகம் கொண்டாந்தாங்க. அது காண்டின்ஸ்கி கைக்கும் போச்சு. கட்டமும் கோடுமா வரைஞ்ச ஆலந்துக்காரர் மோந்திரியன் 1909-ல சபையிலயே சேந்துட்டார். நீ சென்னையில குந்திக்கிட்டு ஐரோப்பாக்காரனைப் பார்த்து உள்ளொளி தேடுற. உன் வீட்டுல இருந்து அடையாறுக்கு எத்தனை ஸ்டாப்பு?

கே.சி.எஸ். பணிக்கர் பேரு உனக்குத் தெரிஞ்சிருக்கும். மெட்ராஸ் ஓவியக் கல்லூரிக்கு முதல்வரா இருந்தவர். 1963-ல இருந்து 'சொற்களும் குறியீடுகளும்'னு வரிசையா வரைஞ்சார். ஜாதகக் கட்டம், கணக்கு, எழுத்து மாதிரியே கிறுக்கல். ஆனா ஒரு எழுத்தைக்கூட வாசிக்க முடியாது. எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது, படிச்சவனாலயும் அதைப் படிக்க முடியாது. ரெண்டு பேரும் ஒரே பெஞ்சு. அவரு 1966-ல தொடங்கின சோழமண்டலத்துல இருந்தவங்க பாத்திக் துணி, கைவினைச் சாமான்னு செஞ்சு வித்து வயித்தைப் பார்த்துக்கிட்டாங்க. ஆன்மாவை அரிசிக் கடைக்கு அனுப்பல.

எனக்கு நெருக்கமானவர் வேற ஒருத்தர். இந்த மலைக்குக் கிழக்கே இறங்கினா புளியஞ்சோலை, அந்தாண்ட துறையூர். அது பக்கத்துல கீராம்பூர்ல 1938-ல பொறந்தார் கே.எம். ஆதிமூலம். மெட்ராசுக்குப் போய், சிற்பி தனபாலோட நிழல்ல நின்னு, ஓவியக் கல்லூரியில படிச்சு 1966-ல வெளிய வந்தார். காந்தி நூற்றாண்டு 1969-ல வந்துச்சே, அதுக்குக் காந்தியைக் கோட்டுலயே வரைஞ்சார். ஒண்ணு ரெண்டு இல்ல தம்பி, 100. அப்புறம் ராஜாக்களை வரைஞ்சார். கிரீடம் இருக்கும், நகை இருக்கும், மரியாதை மட்டும் இருக்காது. கி. ராஜநாராயணனோட 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடன்ல வந்தப்ப படம் போட்டவரும் இவருதான். பத்திரிகைப் பேரு, புத்தகத் தலைப்புன்னு தமிழ் எழுத்தையே வரைஞ்சு கொடுத்தார். இத்தனை கோடு இழுத்த கைதான் பின்னால உருவத்தை விட்டுட்டு எண்ணெய்ச் சாயத்துல இறங்குச்சு. நிறத்து மேல நிறமா அப்பினார். மரம் இல்ல, மலை இல்ல, ஆளும் இல்ல. பேத்தி காட்டின ஒரு படத்துல எனக்கு இந்தக் கிழக்குச் சரிவு தெரிஞ்சுது. அவரு அதை நெனச்சு வரைஞ்சாரான்னு நான் கேக்கப் போறதில்ல. 2008 ஜனவரியில போய்ச் சேர்ந்துட்டார்.

இங்கதான் உன்னைப் பிடிக்கணும். அவரு உருவத்தை விட்டார். விடுறதுக்கு நீ என்ன வச்சிருக்க? காணி நிலம்கூட இல்லாதவன் சொத்தையெல்லாம் துறந்துட்டேன்னு காவி கட்டின மாதிரி இருக்குது உன் கதை. உள்ளே இருக்கிறதைச் சொல்றேன்னு சொல்லிட்டா ஒருத்தனும் குறுக்கே கேட்க முடியாதுன்னு தைரியம். உள்ளே இருக்கிறதைத்தான் எல்லாரும் வரையுறாங்க. சிலர்கிட்ட கை கூட வருது, சிலர்கிட்ட வாய் மட்டும் வருது.

வந்தது வந்துட்ட, ஒரு வாரம் இரு. அறப்பளீசுவரர் கோயிலுக்குப் போ. அங்கிருந்து ஆகாயகங்கைக்குப் படி ஆயிரத்துச் சொச்சம். இறங்குறப்ப ஆன்மா பேசும், ஏறுறப்ப முழங்கால் மட்டும்தான் பேசும். கொல்லிப்பாவை கோயிலுக்கும் போ. சங்கப் பாட்டுலயே பேர் வாங்கினவ, சிரிச்சே ஆளைக் கொல்லுவான்னு சொல்லுவாங்க. அவகிட்ட மட்டும் உன் உள்ளொளியைப் பத்தி ஆரம்பிச்சுடாத. சிரிச்சுடப் போறா.

அப்புறம் சோளக்காட்டுச் சந்தையில உக்காந்து பலாப்பழம் விக்கிறவங்க, வாழைத்தாரு சுமக்கிறவங்க, பேரம் பேசுறவங்கன்னு 100 பேரை வரை. முடிச்சுட்டு வா, உருவத்தை விடலாமா வேண்டாமான்னு பேசிக்குவோம். முதல் ஆளா நானே உக்கார்றேன். மூக்கு என்னோடதா இருக்கணும், இப்பவே சொல்லிட்டேன்.