இலை படம் போட்டா இயற்கையா, மாப்ள?

வா மாப்ள, இப்படித் திண்ணையில உக்காரு. பையைக் குடு பாப்போம். அட, ஏலக்கா! வண்டன்மேட்டு மலையில காய்ச்சு, போடியில ஏலம் போன சரக்கை மெட்ராஸ்ல பொட்டலமா வாங்கிக் கம்பத்துக்கே கொண்டாந்திருக்க. திருநெல்வேலிக்கே அல்வாவா?

உறையில முண்டாசு கட்டுன கிழவன் ஒருத்தன், கையில கலப்பை. இந்தப் பக்கம் கலப்பை பிடிச்ச ஆளை நான் பாத்தே ரொம்ப நாளாச்சு. 'நேச்சுரல்', 'பார்ம் பிரெஷ்'னு எழுத்து வேற. பச்சைப் புள்ளி இருந்துச்சு, அதான் வாங்குனேங்கிற. அது சைவம்னு சொல்ற புள்ளி மாப்ள. மூணு மருந்து அடிச்ச பருப்புக்கும் அதே புள்ளிதான். கீழ இருக்கே 14 இலக்க நம்பர், அது யாவாரியோட லைசென்ஸ். காட்டுல என்ன தெளிச்சாங்கன்னு அதுக்குத் தெரியாது.

ஆர்கானிக்னு சொல்லி விக்கணும்னா சான்று வேணும்னு 2017லயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டிருச்சு. 'ஜைவிக் பாரத்' இல்லேன்னா 'இந்தியா ஆர்கானிக்' முத்திரையைத் தேடு. அப்புறம் ரெண்டையும் ஒண்ணாக்கி ஒரே முத்திரைன்னு அறிவிச்சுட்டாங்க. கடையில பழசும் புதுசும் கலந்துதான் கெடக்கும்.

சான்றுக்கு வழி ரெண்டு. ஒண்ணு, அதிகாரி வந்து தோட்டத்தைப் பாக்குறது. நம்ம கவர்மெண்டுல அங்ககச் சான்றளிப்புத் துறையே இருக்கு, கோயமுத்தூர்ல. இன்னொண்ணு பி.ஜி.எஸ். விவசாயிகளே குழுவாச் சேந்து ஒருத்தர் காட்டை ஒருத்தர் சோதிக்கிறது. சிரிக்காத. பங்காளி வரப்பை வேவு பாக்குறதுல பங்காளியை மிஞ்ச எந்த அதிகாரியால முடியும்? ஆனா பி.ஜி.எஸ். முத்திரையில 'கிரீன்'னு போட்டிருந்தா, ஆளு இன்னும் மாறிக்கிட்டு இருக்கான்னு அர்த்தம். பருவப் பயிருக்கு ரெண்டு வருசம், திராட்சை மாதிரி நின்னு காய்க்கிறதுக்கு மூணு வருசம், இம்புட்டுக் காலம் நெலம் பத்தியம் இருக்கணும்.

திராட்சைன்னதும் ஞாபகம் வருது. நம்ம பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்கல்ல, ஒடனே உங்க அத்தை "இனிமே கழுவ வேண்டாம்"னுட்டா. அந்தக் குறி ஊரைச் சொல்லும், மருந்தைச் சொல்லாது. அதுக்காக ஆர்கானிக் தோட்டத்துல தெளிப்பானே இருக்காதுன்னும் நெனைக்காத. சுருளிப்பட்டிப் பந்தலுக்குள்ள போயி நில்லு. ரெண்டு நாள் மூட்டம் போட்டாப் போதும், எலைக்கு அடியில அடிச்சாம்பல் வெள்ளையாப் பூத்திரும். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைச்சு அடிச்சாத்தான் கொடி தப்பும். அளவோட அடிக்க அங்ககச் சான்றுலயே எடம் உண்டு. பழத்து மேல மங்கலாச் சாம்பல் படிஞ்சிருந்தாலும் மருந்து மருந்துன்னு கத்தாத. பல நேரம் அது பழத்தோட சொந்த மெழுகுதான்.

நாளைக்கு உழவர் சந்தைக்குப் போ. அங்க கீரைக்கார அக்காகிட்ட முத்திரை கேட்டு மானத்தை வாங்காத. வருசம் 12 லட்சத்துக்குள்ள நேரடியா விக்கிற சின்ன விவசாயிக்குச் சான்று வேணாம்னு சட்டமே விட்டுருச்சு, முத்திரைதான் ஒட்டக் கூடாது. "கடைசியா என்ன அடிச்சீங்க, எப்ப அடிச்சீங்க"ன்னு மட்டும் மெதுவாக் கேளு. "ஆர்கானிக்கா?"ன்னு கேட்டுத் தொலைச்சிராத. "ஆமா தம்பி"ன்னு சொல்லிட்டு, கட்டுக்குப் பத்து ரூவா ஏத்திரும்.