வேகத்துக்கு ஒரு விண்ணப்பம்: அடிலெய்டிலிருந்து மாமா அவர்களுக்கு



தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், மெல்பேர்ன் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி, முர்ரே ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் டெய்லம் பெண்ட் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. இரண்டாயிரம் பேர்கூட வசிக்காத இவ்வூர் ஒரு காலத்தில் இரயில்வே ஊழியர்களால் நிறைந்திருந்ததென்பர். இன்று அங்கே குறைவின்றிக் கிடைப்பவை கோதுமை வயலும் செம்மறியாடும் காற்றும் மட்டுமே. அத்தகைய ஊரின் விளிம்பில் 2018ஆம் ஆண்டில் பெரியதொரு மோட்டார் பந்தயத்தடம் திறக்கப்பட்டது என்பதும், அது 'தி பெண்ட்' என்று சுருக்கமாக வழங்கப்படுகிறது என்பதும், மருமகன் வாரக் கடைசிகளில் வீட்டுத் தொலைபேசிக்கு அகப்படாமல் போவதற்கு அதுவே காரணம் என்பதும் இக்கடிதத்தின் பொருள். தன்மையிடத்தில் எழுதப்படும் கடிதம் தற்பெருமைக்கே இடங்கொடுக்கும் என்று மாமா அவர்கள் தமிழாசிரியப் பணியில் இருந்த காலந்தொட்டுக் கண்டித்துவந்துள்ளமையால், இது முழுவதும் படர்க்கையிலேயே எழுதப்பட்டுள்ளது. சந்திப்பிழை இருப்பின் வழக்கம்போல் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பலாம்.

முதற்கண் விளக்க வேண்டியது, இந்நாட்டில் வேகத்தை ஏன் வேலிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்பதாகும். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஊருக்குள் பொதுவான வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். பள்ளிக்கூட எல்லையில் குழந்தைகள் நடமாடும் நேரத்தில் அது 25 ஆகக் குறைகிறது. ஆளரவமற்ற நெடுஞ்சாலையிலும் 110ஐத் தாண்டக் கூடாது. தாண்டியவரின் வீட்டுக்குப் புகைப்படக் கருவி எடுத்த சான்றோடு அபராதச் சீட்டு வந்து சேருவதுடன், அவரது உரிமத்தின் மேல் குற்றப்புள்ளிகளும் ஏறுகின்றன. மூன்றாண்டுக்குள் அவை 12 ஆகிவிட்டால் உரிமம் சில மாதங்களுக்குப் பறிபோகும். பொதுச் சாலையில் டயர் புகையும்படி வண்டியைச் சுழற்றிச் சாகசம் காட்டுபவரை இங்கே ஹூன் என்று அழைக்கிறார்கள். அவருடைய வண்டியையே காவல்துறை எடுத்துச்சென்று பூட்டி வைக்கச் சட்டம் இருக்கிறது. அவிநாசி சாலையில் தனியார் பேருந்துகள் நாள்தோறும் பயணச்சீட்டு விலைக்கே வழங்கிவரும் ஓர் அனுபவத்தை, இங்கே விண்ணப்பம் எழுதி, கையொப்பமிட்டு, கட்டணம் செலுத்தி, மணிக்கட்டில் காகித வளையம் கட்டிக்கொண்ட பிறகே பெற முடிகிறது என்பதைக் கோவையில் இருப்பவர்கள் எளிதில் நம்பமாட்டார்கள்.

தடம் அமைந்திருக்கும் நிலத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. அடிலெய்டில் கார் தயாரித்துவந்த மிட்சுபிஷி நிறுவனம் தன் வண்டிகளை ஓட்டிச் சோதித்துப் பார்த்த களம் அங்கேதான் இருந்தது. 2008இல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டபின் களத்துக்கும் வேலை இல்லாமற்போயிற்று. பின்னர் அவ்விடத்தில் பந்தயத்தடம் எழுப்பியவர்கள் பெரெக்ரின் நிறுவனத்தை நடத்திவந்த ஷாஹின் குடும்பத்தார். பாலஸ்தீனத்தில் பிறந்து, லெபனானில் அகதியாக வளர்ந்து, 1984இல் ஆஸ்திரேலியா வந்த அக்குடும்பத் தலைவர் அடிலெய்டில் ஒரே ஒரு பெட்ரோல் பங்க்கை வாங்கித் தொழில் தொடங்கினார். அந்த ஒன்று பெருகி மாநிலம் எங்கும் கிளைவிட்டது. அவருடைய புதல்வர்கள் தாமே பந்தயம் ஓட்டுகிறவர்கள் என்பதும், அவர்களுள் யாசர் ஷாஹின் 2024இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் அணித் தோழர் இருவருடன் போர்ஷே காரில் எல்எம்ஜிடி3 பிரிவில் முதலிடம் பெற்றார் என்பதும் இங்குள்ள குடியேறிகள் அனைவரும் தம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லும் செய்திகள். பெட்ரோல் பங்க்கில் இரவுப் பணி பார்த்துப் படிப்பை முடித்த தமிழ் மாணவர்கள் அடிலெய்டில் பலர். அவர்களிடம் இக்கதையைச் சொன்னால் மட்டும், பங்க்கை வாங்குவதற்கும் பங்க்கில் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி நீண்ட மறுமொழி கிடைக்கிறது.

தடத்தின் முழு வடிவம் 7.77 கிலோமீட்டர் நீளமும் 35 வளைவுகளும் உடையது. நிரந்தரமாகக் கட்டப்பட்ட பந்தயத்தடங்களுள் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றுக்கு அடுத்தபடி நீளமானது இதுவே என்பர். மாமா அவர்களுக்குப் பழக்கமான செட்டிபாளையத்துக் கரி மோட்டார் ஸ்பீட்வேயை இதற்குள் மூன்று முறைக்கு மேல் விரித்துப் போடலாம். பெரிய பந்தயங்களுக்கு இதன் ஒரு பகுதியை மட்டும் பயன்படுத்தி, 4.95 கிலோமீட்டரும் 18 வளைவுகளும் கொண்ட சிறிய சுற்றாக அமைத்துக்கொள்கிறார்கள். வளைவின் உள்விளிம்பை வண்டி தொட்டுச் செல்லும் புள்ளிக்கு ஏபெக்ஸ் என்று பெயர். வெளிவிளிம்பிலிருந்து தொடங்கி ஏபெக்ஸைத் தொட்டு மீண்டும் வெளிவிளிம்புக்கு விரியும் பாதையில் வளைவின் கூர்மை குறைவதால், திருப்பத்திலும் வேகம் பெரிதும் இழக்கப்படுவதில்லை. விளிம்பில் வண்ணம் பூசிய பட்டைகள் உள்ளன; சக்கரம் அவற்றின்மேல் ஏறினால் உடல் முழுதும் அதிர்ந்து, எல்லை இதுவெனக் கண்ணுக்கு முன்னால் இடுப்பெலும்பு அறிந்துகொள்கிறது. அதற்கும் அப்பால் சரளைக்கல் பரப்பிய பள்ளம் இருக்கிறது. தடம் தவறிய வண்டி அதனுள் புதைந்து வேகம் குறையும். குறைந்தபின் வெளியே இழுக்க டிராக்டர் வரும். டிராக்டர் வருவதை அன்று வந்திருக்கும் அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

வசதிகள் என்ற தலைப்பின்கீழ் முதலிடம் பெற வேண்டியது தடத்தின் மேலேயே கட்டப்பட்டிருக்கும் விடுதியாகும். பிட் என்பது பந்தயத்தின் நடுவே வண்டிக்கு டயர் மாற்றவும் பெட்ரோல் நிரப்பவும் ஒதுக்கப்பட்ட அறைகளின் வரிசை; அவ்வரிசைக்கு நேர் மேலே ரிட்ஜஸ் பிட் லேன் என்ற பெயரில் 100 அறைகள் கொண்ட ஹோட்டல் இயங்குகிறது. கீழே விசைத்தறி, மேலே குடித்தனம் என்று வாழும் சோமனூர்க்காரர்களுக்கு இவ்வேற்பாட்டில் புதுமை ஏதும் தோன்றாது; ஆனால் தறிச்சத்தத்தில் உறங்குவதற்குச் சோமனூரில் எவரும் காசு கொடுப்பதில்லை, இங்கே கொடுக்கிறார்கள். தடத்தைப் பார்த்த அறையின் மேல்மாடத்தில் கையில் காப்பிக் கோப்பையுடன் நிற்பவருக்குக் கீழே, வி8 எனப்படும் எட்டு உருளை எஞ்சின் ஒன்று உயிர்பெறும்போது, அந்த உறுமல் காதைவிட மார்பெலும்பையே முதலில் வந்தடைகிறது. கோப்பையிலுள்ள காப்பியின் மேற்பரப்பில் வட்டவட்டமாகச் சிற்றலைகள் எழுகின்றன. விருந்தினர் சிலர் தம் அறைக்குத் திரும்பியும் காதடைப்பானைக் கழற்றுவதில்லை. மனைவிமார் கூப்பிடுவது கேட்காமலிருக்க அது நல்ல காரணமாகிறது என்ற கருத்தும் நிலவுகிறது. நுழைவாயிலை ஒட்டிய வரவேற்புக் கட்டடத்தில் கார்க் காட்சியகம் ஒன்றும் உள்ளது. துடைத்து மெருகேற்றிய பழைய வண்டிகளின் முன் முதியவர்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நெடுநேரம் நிற்பதைப் பார்த்தால், மூலவர் தரிசனத்துக்குக்கூட இத்தனை பொறுமை காட்டுவார்களா என்ற ஐயம் எழும்.

பொதுமக்கள் தம் சொந்தக் காரையே கொண்டுவந்து ஓட்டிப் பார்ப்பதற்கென ஒதுக்கப்படும் நாள் 'டிராக் டே' எனப்படும். மருமகனின் ஈடுபாடு இவ்வகையைச் சார்ந்தது; அவரிடம் இருப்பதோ வாரநாட்களில் குழந்தைகளைப் பள்ளிக்கு ஏற்றிச்செல்லும் சாதாரணக் குடும்பக் கார். காலையில் முதலில் நடப்பது கையொப்பச் சடங்கு: உயிருக்கோ உடைமைக்கோ நேரும் எதற்கும் பிறர் பொறுப்பல்லர் என்ற வாசகத்தின் கீழ், பல தாள்களில், பல இடங்களில் ஒப்பமிட வேண்டும். அடுத்து வண்டிப் பரிசோதனை. டயரின் தேய்மானம், பிரேக், இருக்கைப் பட்டை, தலைக்கவசத்தின் தரமுத்திரை ஆகியவற்றைப் பார்த்தபின், வண்டிக்குள் கட்டப்படாமல் கிடக்கும் பொருள் எதுவாயினும் வெளியே எடுக்கச் சொல்கிறார்கள். ஏனெனில் வேகமாகத் திரும்பும் வண்டிக்குள் ஒரு தண்ணீர்ப் போத்தல்கூட எறிபடையாக மாறிப் பிரேக் மிதிக்கு அடியில் உருண்டு சிக்கிவிடும். மருமகனின் இருக்கைக்கு அடியிலிருந்து அவ்வாறு மீட்கப்பட்டவை குழந்தையின் ஒற்றைச் செருப்பு, விபூதிப் பொட்டலம், காலத்தால் கல்லாகிவிட்ட முறுக்கு ஆகியன. முன்பலகையில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பற்றிப் பரிசோதகருக்கு நியாயமான ஐயம் எழுந்தது. தம் கட்டைவிரலால் பிள்ளையாரை நாற்புறமும் அசைத்துப் பார்த்து, அவர் அசையாதது கண்டு, பட்டியலில் ஒரு குறியிட்டு அனுமதித்தார். வெளிநாட்டு அதிகாரி ஒருவரால் முறைப்படி தகுதிச்சான்று பெற்ற பிள்ளையார் நம் குடும்பத்தில் இவர் ஒருவரே என்பதை மாமி அவர்களிடம் தெரிவிக்கலாம்.

அதன்பின் கொடிகளைப் பற்றிய வகுப்பு நடைபெறுகிறது. மஞ்சள் கொடி முன்னே ஆபத்து, முந்தாதே என்று பொருள்படும்; சிவப்பு ஓட்டத்தை நிறுத்துவதற்குரியது; நீலம், பின்னால் வேகமான வண்டி வருகிறது, கவனி என்று அறிவிப்பது; கறுப்பு, குறிப்பிட்ட ஓட்டுநரைப் பிட்டுக்கு வரவழைப்பது. ஓட்டுநர்களை அனுபவத்தின்படி வேகமானவர், நடுத்தரத்தார், நிதானமானவர் என்று பிரித்து, குழுவுக்குச் சில நிமிடங்கள் என முறைவைத்துத் தடத்தில் விடுகிறார்கள். நிதானமானவர் குழுவில் இருப்பவர்க்கு நீலக்கொடியின் நிறம் மிக விரைவில் மனப்பாடமாகிவிடுகிறது. இத்தனை வேகத்துக்கு நடுவிலும் ஹாரன் அடிப்பவர் ஒருவரும் இல்லை. இறுதிச் சுற்றை மெதுவாக ஓட்டிப் பிரேக்கை ஆறவிட வேண்டும் என்பதும், ஓடி நின்ற வண்டிக்கு உடனே கைப்பிரேக் போட்டால் கொதித்திருக்கும் தகடும் கட்டையும் கெடும் ஆதலின் கியரில் நிறுத்திச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைக்க வேண்டும் என்பதும் அங்கே கற்றுத்தரப்படும் நுட்பங்கள். சூட்டால் டயருக்குள் காற்றழுத்தம் ஏறிவிடுவதால், ஓட்டம் முடிந்ததும் மருத்துவர்களும் கணக்காயர்களும் தச்சர்களுமாகிய அத்தனை பேரும் அழுத்தமானியுடன் தத்தம் சக்கரத்தின் அருகே மண்டியிட்டிருப்பார்கள். சாதி சமய வேறுபாடற்ற வழிபாட்டை மருமகன் இந்நாட்டில் கண்டது அங்கேதான்.

தொழில்முறைப் பந்தயம் நடக்கும் நாட்களின் இயல்பு வேறு. ஆஸ்திரேலியாவுக்கே உரிய சூப்பர்கார்ஸ் போட்டித்தொடர் 2018 ஆகஸ்டில் முதன்முறையாக இங்கே வந்தது. 2025 செப்டம்பரில் 500 கிலோமீட்டர் ஓடும் நெடும்பந்தயமாக அது விரிந்தது. ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தை நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை கணக்கிட்டுப் பலகையில் காட்டுகிறார்கள். அஞ்சல் வந்துசேர நாட்கணக்கில் காத்திருக்கும் இதே மாநிலத்தில் இந்தத் துல்லியம் சற்றே மனத்தை வருத்துகிறது. வளைவுதோறும் கொடி பிடித்து நிற்கும் மார்ஷல்களில் பெரும்பாலோர் ஊதியமில்லாத் தொண்டர்கள். மழையானாலும் குளிர்காற்றானாலும் நாள் முழுதும் நின்று, மதியம் ஒரு பொட்டலச் சாப்பாட்டுடன் நிறைவடையும் இவர்களை விடப் பந்தயத்தை அருகிலிருந்து பார்ப்பவர் எவருமில்லை என்பதே இவர்கள் பெறும் கூலி போலும்.

உணவைப் பொறுத்தவரை சைவருக்கு உருளைக்கிழங்கு வறுவலே கதி. அதன்மேல் தூவப்படும் மஞ்சள்நிறக் கோழி உப்பு 1970களில் தெற்கு ஆஸ்திரேலியாவில் பிறந்தது. வறுத்த கோழிக்குத் தூவுவதற்காக ஏற்பட்டதால் அப்பெயரே தவிர, இன்று விற்கப்படும் பல வகைகளில் கோழி இல்லை. ஆயினும் வரிசையில் பின்னால் பலர் பசியோடு நிற்க, உப்பின் மூலப்பொருள்களை விற்பனையாளரிடம் விசாரிக்கும் துணிவு வேகத்துக்கு வேண்டிய துணிவினும் பெரிது.

இவையன்றி 2023இல் திறக்கப்பட்ட கால் மைல் நேர்கோட்டுத் தடம், கோ-கார்ட் தடம், கரடுமுரடான நிலத்தில் ஜீப் ஓட்டும் களம், கேரவன்களை நிறுத்தித் தங்கும் இடம் ஆகியனவும் உள்ளன. அவற்றுள் நேர்கோட்டுப் பந்தயம் தொடங்கியதைக் கண் பதிவு செய்வதற்குள் முடிந்துவிடுவதால் அதைப்பற்றி விரித்தெழுத ஒன்றுமில்லை.

அடிலெய்டு மக்களிடம் ஒரு பழைய மனக்குறை இருப்பதையும் இங்கே குறிப்பிடுவது பொருந்தும். 1985 முதல் 1995 வரை ஃபார்முலா ஒன் பந்தயம் இந்நகரத்தின் வீதிகளில்தான் நடைபெற்றது. 1996இல் அது மெல்பேர்னின் ஆல்பர்ட் பார்க்குக்குப் போய்விட்டது. முப்பதாண்டு உருண்டோடிய பின்னும், பக்கத்து வீட்டுப் பெரியவர் மெல்பேர்ன் என்ற பெயரைக் கேட்டால், பாகப்பிரிவினையில் தோட்டத்தை இழந்தவர் முகத்தைக் காட்டுகிறார். ஆனால் கோவைக்காரர் அவருடன் சேர்ந்து வருந்த இயலாத நிலையில் இருக்கிறார். ஏனெனில் நம் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதன்முதலாக இறங்கி, 15ஆவது இடத்தில் முடித்து, அப்போட்டியில் ஓடிய முதல் இந்தியரானது அந்த மெல்பேர்னில்தான். பெரியவரிடம் இச்செய்தி இதுவரை தெரிவிக்கப்படவில்லை. அவர் வீட்டு எலுமிச்சை மரம் நம் வேலிப்பக்கம் காய்த்துத் தொங்குவது அதற்கு ஒரு காரணம்.

மாமா அவர்கள் இளமையில் சோழவரம் மோட்டார் பந்தயம் பார்ப்பதற்காக வீட்டுக்குத் தெரியாமல் இரயிலேறியவர் என்பது குடும்பத்தில் அனைவரும் அறிந்து, எவரும் பேசாத வரலாறு. ஆகவே அவர்கள் அடுத்த ஆண்டு அடிலெய்டு வரும்போது ஒரு நாளை டெய்லம் பெண்டுக்கு ஒதுக்க மருமகன் கருதியுள்ளார். அதற்கு வேண்டியவை முழுக்கைச் சட்டை, விரல்களை மூடிய காலணி, நடப்பிலுள்ள ஓட்டுநர் உரிமம் ஆகியன. உரிமம் காலாவதியாகியிருப்பின் இப்போதே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துவிடுதல் நலம். வேட்டியுடன் ஓட்ட அனுமதி உண்டா என்று விசாரித்ததில் மேலாளர் மிகவும் யோசித்து, விதிகளில் அதைப் பற்றி ஒன்றும் இல்லையெனினும் வேண்டாம் என்றார். தலைக்கவசம் இங்கே வாடகைக்குக் கிடைக்கும். குடுமிக்கும் சேர்த்துச் சுற்றளவை அளந்து எழுதுக. இக்கடிதத்தை மாமி அவர்களுக்குப் படித்துக் காட்டுகையில் ஹோட்டல் பற்றிய பகுதியோடும் பிள்ளையார் பற்றிய பகுதியோடும் நிறுத்திக்கொள்ளும்படி வேண்டப்படுகிறது.

இப்படிக்கு,
அடிலெய்டு மருமகன்