திடீர்ப் பயணத்தின் திட்டமிட்ட பெட்டி

1866-ஆம் ஆண்டில் டெக்சஸ் மாநிலக் கால்நடைப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட், ராணுவம் கழித்துவிட்ட வண்டியொன்றின் பின்புறத்தில் இழுப்பறைகள் கொண்ட அலமாரியைப் பொருத்தி, கீழ்நோக்கித் திறக்கும் அதன் கதவையே சமையல் மேசையாக்கினார். வாரக்கணக்கில் மந்தைகளை ஓட்டிச் சென்றோருக்குக் காப்பியும் உப்பிட்ட இறைச்சியும் வழங்கிய அந்த அமைப்பின் வழித்தோன்றலே, அமெரிக்கர் 'சக் பாக்ஸ்' என்று அழைக்கும் முகாம் சமையல் பெட்டி.

மந்தை போய்விட்டது, பெட்டி மட்டும் பெருத்துவிட்டது. நினைத்தவுடன் புறப்படுவதற்கென அடுப்பு, வாணலி, டின் ஓப்பனர், தீப்பெட்டி, மசாலாச் சிமிழ்கள் ஆகியவற்றை முன்கூட்டியே அடுக்கி வைப்பது இதன் கோட்பாடு. அதாவது, திட்டமில்லாமல் கிளம்புவதற்கான திட்டம் மிகுந்த சிரத்தையுடன் தீட்டப்படுகிறது. எதுவும் விடுபடக் கூடாது என்னும் அச்சத்தால் பொருள்கள் பெருகி, ஒருவர் தூக்கிச் செல்லவென்று எண்ணிய பெட்டி இருவரைக் கேட்கும் நிலையை எட்டுகிறது. வீட்டில் உப்புத் தீர்ந்த நாளில் கடனாக எடுக்கப்பட்ட சிமிழ் மட்டும் அதற்குள் திரும்புவதே இல்லை.

இத்தனை ஆயத்தத்துக்குப் பின்னும் கூடாரமடிக்க இடம் வேண்டும். அமெரிக்கக் கூட்டரசின் பல முகாம் மனைகளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பே முன்பதிவு தொடங்கிவிடுவதால், ஜூலை மாதத்தில் காட்டுக்குச் செல்ல விரும்புவோர் அந்தத் திடீர் ஆசையை ஜனவரியிலேயே கொண்டுவிடுவது நலம்.