படிப்பு ஏறாத பிள்ளைகள்

எண்பதுகளில் திருப்பூர்ப் பள்ளிகளில் கற்றல் குறைபாட்டைக் கண்டுபிடிக்க நிபுணர் யாரும் தேவைப்படவில்லை. எங்கள் வாத்தியார் அரை நிமிடத்தில் முடித்துவிடுவார். எழுந்து வாசி என்பார், திணறினால் மக்கு. மேல்முறையீடு கிடையாது. கடைசி பெஞ்சுதான் சான்றிதழ். வைத்தியமும் கைவசம் இருந்தது: முதலில் பிரம்பு, அதில் குணம் தெரியாவிட்டால் பனியன் கம்பெனி.

எங்கள் வகுப்பில் ஒருவன். 'பட்டம்' என்ற சொல்லைக் காட்டினால், பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுக் 'காத்தாடி' என்பான். வகுப்பே சிரிக்கும். ஆனால் யாராவது ஒரு கதையை ஒருமுறை வாசித்துவிட்டால் போதும், கடைசி வரி வரைக்கும் வாயாலேயே திருப்பிச் சொல்வான். காதால் கேட்டது ஏறுகிறது, கண்ணால் பார்ப்பது மட்டும் ஏன் ஏறவில்லை என்று யாரும் கேட்கவில்லை. திமிர் என்று முடிவானது. ஒரே வகுப்பில் இரண்டாவது தடவையும் உட்கார்ந்த பிறகு அவன் அப்பா வந்தார். "பையனுக்குப் படிப்பு ஏறலீங்க சார். கம்பெனியில சேத்துட்டா சனிக்கிழமை சம்பளமாச்சும் வருமுங்க." வாத்தியாருக்கும் அதுவே சரியாகப்பட்டது. பையன் கம்பெனியில் தையல்காரருக்குத் துணையாகக் கைமடிக்கப் போனான்.

சட்டமும் வாத்தியார் கட்சிதான். 1995-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது. எழுத்துக்கூட்டத் திணறுவது அதில் இல்லை. 2016 சட்டம் பட்டியலை 21 ஆக்கியபோதுதான் கற்றல் குறைபாடு உள்ளே வந்தது. இத்தனைக்கும் திருப்பூர் செக்கிங் டேபிள்களின் ஊர். பனியனில் ஒரு தையல் விட்டிருந்தாலும் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஆல்ட்ரேஷனுக்கு அனுப்புவோம். பிள்ளையை மட்டும் நேரே ரிஜெக்ட் செய்தோம்.

இன்று எல்லாம் மாறிவிட்டது. மூன்றாம் வகுப்பு, அல்லது எட்டு வயது, இரண்டில் எது முந்துகிறதோ அப்போதே பள்ளி ஆசிரியர்கள் பிள்ளையைக் கவனித்துக் கண்டறிய வேண்டும் என்றது 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டி. குறைபாட்டுச் சான்றிதழ் தர முதலில் கண்ணும் காதும் சரியா என்று பார்க்க வேண்டும். பிறகு அறிவுத்திறன் சோதனை. பிறகு வாசிப்பும் எழுத்தும் கணக்கும். சான்றிதழைப் பதினான்கு வயதில் ஒருமுறை, பதினெட்டில் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்றது அந்த வழிகாட்டி. நடுவில் தானாகச் சரியாகிவிடும் என்று அரசுக்கு ஒரு நப்பாசை. இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கண்டறிய ஆசிரியர்களின் செல்போனில் 'நலம் நாடி' செயலியும் வந்துவிட்டது.

என் அக்கா மகள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். ஸ்கூட்டரில் பள்ளி பள்ளியாகப் போகிறாள். "மாமா, மெல்லக் கற்பவர்னு எழுதி வெச்சிருந்த ஒரு பொண்ணுக்குக் கண்ணாடி போட்டதும் சரியாப் போச்சு. இன்னொரு பையன் ஒடிசாக்காரன். வீட்டுல ஒடியா, ஸ்கூல்ல தமிழ். அவனுக்கு வேண்டியது சான்றிதழ் இல்ல, தமிழ் சொல்லித்தர ஆளு." இப்படிக் கழித்துக்கழித்து மிஞ்சுகிற பிள்ளைகளுக்குத்தான் அவளுடைய நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் படிவங்கள் தின்றுவிடுகின்றன.

கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. கம்பெனிக்குப் போன என் சிநேகிதன் வாசிக்கத் தெரியாமல் ஒரே வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்தான். இன்றைய பிள்ளை வருடத்துக்கு ஒன்றாக எட்டு வகுப்பிலும் வாசிக்கத் தெரியாமலே உட்காரலாம். முன்னேற்றம்தானே!

அந்தச் சிநேகிதன் இப்போது கட்டிங் மாஸ்டர். மார்க்கர் தாளில் கை, கழுத்து, உடல் எல்லாவற்றையும் துணி வீணாகாமல் அடுக்குவதில் கெட்டிக்காரன். பண்டல்களில் சைஸ் எழுதமாட்டான். எம் என்றால் சிவப்பு நூல், எல் என்றால் பச்சை நூல் கட்டுவான். கூட இருப்பவர்கள் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள். கற்றல் குறைபாடு குடும்பத்தில் தொடரக்கூடியது. அவனுடைய பேரனும் எழுத்தில் தடுக்கி நிற்கிறான். "என்னைய அரை நிமிசத்துல மக்குன்னாங்க. இவனுக்கு ஒரு பேப்பர் வாங்கறதுக்குள்ள என்ற புள்ளைக்கு எத்தன ஷிப்ட் போச்சோ! ஆனா ஒருத்தரும் பையன் மேல கை வெக்கலையப்பா" என்றான். அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

சான்றிதழ் வீண் என்று சொல்லவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு எல்லாம் அதைக் காட்டினால்தான் கிடைக்கும். ஆனால் பலர் அதைத் தேடி ஓடுவதே பத்தாம் வகுப்பில்தான். மூன்றாம் வகுப்பில் உங்கள் பிள்ளை படத்தைப் பார்த்து வாசித்தால் அடிக்காதீர்கள், டியூஷனிலும் தள்ளாதீர்கள். கண்ணையும் காதையும் சோதித்துவிட்டு, தலைமை ஆசிரியரிடம் சொல்லிச் சிறப்புப் பயிற்றுநரை வரவழையுங்கள். பத்தாம் வகுப்பில் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரத்தைவிட, மூன்றாம் வகுப்பில் தினமும் ஒருவர் கூட உட்காரும் அரை மணி நேரம் பெரிது.