மிதிபடப் பிறந்த ஓவியம்

கிட்டார் வாசிப்பவரின் விரல் நுனிகள் காய்த்திருக்கும். கிட்டார் பெடல் செய்பவரின் விரல் நுனிகள் சுட்டிருக்கும். இரண்டு அடையாளமும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். பெடல் செய்யத் தொடங்கியவருக்கு வாசிக்க நேரம் ஏது?

பெடல் என்றதும் கால் ஆர்மோனியத்தை நினைக்கும் பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. இது எலெக்ட்ரிக் கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தரையில் கிடக்கும் சின்ன உலோகப் பெட்டி. மேலே இரண்டு மூன்று குமிழ்கள், காலால் அழுத்த ஒரு சுவிட்ச். அழுத்தினால் அதுவரை சாதுவாக இருந்த கிட்டார் உறுமத் தொடங்கும். 1966இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் 'ஃபஸ் ஃபேஸ்' என்று ஒன்றை வெளியிட்டது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்து உலகப் புகழ் பெற்ற பெட்டி. உள்ளே திறந்து பார்த்தால் இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர். இந்தச் சில்லறைச் சாமான்களைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல ஓட்டல் காபி ஒன்றின் விலைக்கு வாங்கிவிடலாம். சாலிடர் வைத்து முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அதற்குப் பிறகுதான் நம்மவரின் உண்மையான வேலை ஆரம்பமாகிறது. பெட்டிக்கு மேலே படம் ஒட்ட வேண்டும்.

நம்மவர் பகலில் மென்பொருள் கம்பெனியில் யாருக்கோ பதில் சொல்பவர். இரவில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத கலைஞர். பேச்சில் எண்கள் புரளும். "ஹேமண்ட் 1590பி பத்தாது, 125பி எடுத்தாத்தான் படத்துக்கு இடம் கிடைக்கும்" என்பார். இரண்டும் அலுமினிய வார்ப்புப் பெட்டிகள். முன்னதைவிடப் பின்னது நீளத்தில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடுதல். அந்த ஒரு சென்டிமீட்டரில் அவர் ஒரு யாளியை நிற்கவைக்கத் திட்டமிட்டிருக்கிறார்.

படத்தை எதில் அச்சடிப்பது? ஸ்டிக்கர் என்றால் ஓரம் கிளம்பும். ஸ்க்ரீன் பிரிண்டிங் கடையில் ஒன்றே ஒன்று வேண்டும் என்று கேட்டால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆகவே ஓ.எச்.பி. ஷீட். ஒரு காலத்தில் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர்கள் விளக்குப் பெட்டியின் மேல் வைத்து, நாம் எழுதிக்கொள்வதற்குள் மாற்றிவிடுவார்களே, அதே கண்ணாடித் தாள்தான். ஸ்டேஷனரிக் கடையின் மேல்தட்டில் தூசி படிந்து கிடந்ததை நம்மவர்தான் கேட்டு வாங்கி உயிர் கொடுத்தார்.

இதில் இரண்டு சாதி உண்டு. இங்க்ஜெட் ஷீட்டின் ஒரு பக்கம் சொரசொரப்பாக இருக்கும். மை அங்கேதான் பிடிக்கும். லேசர் ஷீட் சூடு தாங்கும். சூடு தாங்காத ஷீட்டை லேசர் பிரிண்டருக்குள் விட்டால் அது உள்ளே உருளையில் உருகி ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு முறை நடந்த தெருவில் நம்மவர் இப்போது நடப்பதில்லை. அடுத்த தெருவில் இருக்கிறது அவருடைய இன்றைய ஜெராக்ஸ் கடை.

படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சடிக்க வேண்டும் என்பது இந்தக் கலையின் முதல் சூட்சுமம். அப்போது மை ஷீட்டின் அடிப்பக்கம் வரும். ஷீட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே பத்திரமாக இருப்பதால் எந்த ஷூவும் அதைச் சுரண்ட முடியாது. நல்ல ஏற்பாடு. ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு மட்டும் மனசு கேட்பதில்லை.

"சார், எழுத்தெல்லாம் திரும்பியிருக்கே?"

"அப்படித்தான்க்கா வேணும்."

"படிக்க முடியாதே சார்."

"அந்தப் பக்கத்துலேர்ந்து படிப்பாங்க."

அக்கா ஒன்றும் சொல்லமாட்டார். நம்மவர் போன் பேச வாசலுக்குப் போகும் அரை நிமிஷத்தில், பாவம், படித்த பிள்ளை தெரியாமல் செய்துவிட்டது என்று எல்லாவற்றையும் நிமிர்த்தி அச்சடித்து உறையில் போட்டுத் தந்துவிடுவார். நம்மவர் வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்பார்.

அடுத்த எதிரி 'ஃபிட் டு பேஜ்' என்னும் டிக். அதை எடுத்துவிட மறந்தால் பிரிண்டர் தன் இஷ்டத்துக்குப் படத்தை நூற்றுக்கு மூன்று பங்கு சுருக்கிவிடும். கேட்க அற்பமாக இருக்கிறதா? பெட்டியில் ஓட்டைகள் ஏற்கெனவே போட்டாயிற்று. ஷீட்டில் உள்ள வட்டம் ஓர் இடம், அலுமினியத்தில் உள்ள ஓட்டை இன்னோர் இடம். 'வால்யூம்' என்ற எழுத்தின் மேலேயே குமிழ் உட்கார்ந்துகொள்ள, வெளியே 'யூம்' மட்டும் தெரியும். இன்னொன்று, சாதாரணப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாக இருப்பது ஷீட்டில் வெறும் வெளி. நீலப் பெட்டியில் வைத்தால் யாளிக்கு நீலக்கண். ஆகவே பெட்டிக்கு முதலில் வெள்ளை அடித்தாக வேண்டும்.

மொட்டை மாடியில் நம்மவர் ஸ்ப்ரே டின்னும் கையுமாக நிற்பதை அக்கம்பக்கத்தார் அறிவர். 400 நம்பர் உப்புத்தாள், ஆல்கஹால் துடைப்பு, மெல்லிய பூச்சு, காத்திருப்பு, மறுபூச்சு. சென்னையின் ஈரக்காற்றில் மேல்பூச்சு பால் கலந்ததுபோல் வெளுக்கும். வெயிலில் வைத்தால் எறும்பு நடந்து பார்க்கும். இந்தச் சமயத்தில் பேச்சுக் கொடுக்கக்கூடாது.

ஒட்டும் முறையில் மூன்று மதங்கள் உள்ளன. ஸ்ப்ரே பசை அடித்து ஒட்டுவது, மேலே எபாக்சி ஊற்றி மூடிவிடுவது, பசையே இல்லாமல் குமிழ், சுவிட்ச் ஆகியவற்றின் நட்டுகளை முறுக்கி அவற்றின் பிடியிலேயே ஷீட்டை நிறுத்துவது. மூன்றாவதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குப் படுகிறது. பிடிக்காவிட்டால் கழற்றி வேறு படம் வைக்கலாம். நம்மவர் முதல் மதம். பசை என்றால் பபுள் வரும். அதைப் பழைய ஏ.டி.எம். கார்டால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போவார். கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்க்கும் பெரியப்பா மாதிரி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, டியூப்லைட்டுக்குச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். ஓரம் வரை வந்த பபுள் அங்கிருந்து மறைந்து நடுவில் எழும்பும்.

இவ்வளவு எதற்கு என்று கேட்டுப்பாருங்கள். இரண்டு அயல்நாட்டு உதாரணங்கள் தயாராக இருக்கும். மின்னியாபொலிஸில் சாக்கரி வெக்ஸ் என்பவரின் கம்பெனி 'ஃபஸ் ஃபேக்டரி' பெடலைக் கையால் வர்ணம் தீட்டி ஒரு விலைக்கும், அச்சடித்த படத்தோடு குறைந்த விலைக்கும் விற்றது, சர்க்யூட் ஒன்றே. அடுத்தது 1994இல் பில் ஃபின்னகன் அமெரிக்காவில் கொண்டுவந்த 'க்ளான் சென்டார்'. பாதி மனிதன், பாதி குதிரை படம். உள்ளே யாரும் பார்க்க முடியாதபடி சர்க்யூட்டின் மேல் எபாக்சி. இன்று பழையது ஒன்று பல ஆயிரம் டாலருக்குப் போகிறது. இந்த அநியாய ஆர்ப்பாட்டத்துக்கு நான் பொறுப்பில்லை என்ற பொருளில் ஃபின்னகனே தன் பிற்காலப் பெடலின் மேல் ஒரு வாசகத்தை அச்சடித்துவிட்டார். அந்த வாசகத்தின் எழுத்துரு பற்றித்தான் நம்மவருக்குக் கருத்து இருக்கிறது.

போன ஆயுத பூஜைக்கு நம்மவர் புதுப் பெடல் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மேலே, இன்னும் பசை போடாமல், வீணையோடு சரஸ்வதி. கீழே 'ருத்ரவீணை' என்று தமிழில். பொட்டு வைக்க வந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இதை என்னடா பண்ணுவே?"

"காலால அமுக்கணும்மா."

அப்புறம் அந்த வீட்டில் நடந்ததை விவரிக்க வேண்டாம். புத்தகம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் குடும்பம். நம்மவர் சாமியை எடுத்தார், யாளி வந்தது. "கோயில் தூண்ல இருக்கிறதை மிதிப்பியா?" யாளி போயிற்று. எழுத்து மட்டும் இருக்கட்டும் என்றார். "எழுத்து மட்டும் யாரு? அதுவும் அவதான்" என்றார் அம்மா. கடைசியில் நம்மவர் தன் மேனேஜரின் முகத்தைக் கோட்டோவியமாக்கி ஒட்டினார். அம்மா ஆட்சேபிக்கவில்லை. நான் பார்த்தவரையில் நம்மவர் மனமார மிதித்த ஒரே பெடல் அதுதான்.

அது சத்தம் போட்டதா என்று கேட்பீர்கள். ஒன்பது முனை கொண்ட கால் சுவிட்சில் ஒரு வயர் மாறிவிட்டதாம், அழுத்தினால் பல்பு எரியும், கிட்டார் மௌனமாகிவிடும். நம்மவர் இதைப் பொருட்படுத்துவதில்லை. வயரை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்; ஒட்டிய ஷீட்டைப் பிரிக்க முடியுமா?

உங்கள் வீட்டுப் பக்கத்திலும் இவர் இருப்பார். பெட்டியைக் கையில் கொடுத்தால் "எப்படி ஒலிக்கும்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்து, "பபுளே இல்லையே சார்!" என்று சொல்லிவிட்டு, ஓரங்களில் மட்டும் பிடித்துத் திருப்பிக் கொடுங்கள். மிதித்துப் பார்க்கச் சொன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு மிதியுங்கள்.