மனை தயார், மக்கள் தேவை

மைன்கிராஃப்ட் உலகம் கிழக்கு மேற்கில் 6 கோடி பிளாக், தெற்கு வடக்கில் 6 கோடி பிளாக். ஒரு பிளாக் ஒரு மீட்டர் என்று கணக்குப் போட்டால் பூமிப் பரப்பைப்போல ஏறக்குறைய 7 மடங்கு. இவ்வளவு நிலம் சும்மா கிடக்க, எந்த சர்வரில் போய்ப் பார்த்தாலும் ஊர்களெல்லாம் ஆரம்ப இடமான ஸ்பானைச் சுற்றி ஒன்றையொன்று இடித்துக்கொண்டுதான் நிற்கும். ஒரு வேலிக்காக இரண்டு மேயர்கள் சாட்டில் விடிய விடியச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். சண்டை போட எதிரில் ஆள் வேண்டுமே! காலி இடம் இருக்கிறது என்பதற்காக யாரும் அங்கே போய்க் குடியேறுவதில்லை. புதிதாக மேயராகப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம்.

ஊர் அமைப்பதற்குச் சரியான காரணம் ஒன்றுதான்: இப்போது இருக்கிற ஊரில் உங்களை மேயராக்கவில்லை. உங்கள் வீட்டுக் கூரை மற்ற கூரைகளோடு ஒத்துப்போகவில்லை என்று போன வாரம் யாரோ சொன்னார்கள். பொதுப் பெட்டியில் நீங்கள் போட்ட இரும்பை யாரோ எடுத்துக் கவசம் செய்து, அதைப் போட்டுக்கொண்டு உங்கள் முன்னாலேயே நடந்தார்கள். போதும், கிளம்பிவிடலாம். நட்பு, ஒற்றுமை, கூட்டு முயற்சி முதலிய மற்ற காரணங்களை டிஸ்கார்டு விளம்பரத்துக்கென்று பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இடம். புதிதாக வருகிற ஒவ்வொருவனும் கண் விழிக்கிற இடம் ஸ்பான். விழித்தவுடன் எதிரே நிற்கிற மரத்தின் அடிப்பாதியை வெட்டிக்கொண்டு, மேல்பாதியை அந்தரத்தில் தொங்கவிட்டுப் போய்விடுவான். ராத்திரிக்கு ஒளிந்துகொள்ளத் தோண்டிய குழிகள், ஏறிப் பார்க்க அடுக்கிய மண் தூண்கள், கிரீப்பர் என்ற பூதம் வெடித்த பள்ளங்கள் என்று அந்த வட்டாரமே குதறப்பட்டுக் கிடக்கும். ஆடு, மாடு, கோழி ஒன்றும் மிஞ்சியிருக்காது. இங்கே ஊர் போட்டால் ஆள் தேடி அலைய வேண்டியதில்லை, தானாகவே வருவார்கள். ஆனால் அந்த மரத்தைப் பார்த்த அதே கண்ணால்தான் உங்கள் வீட்டையும் பார்ப்பார்கள்.

அதற்குப் பயந்து சிலர் 10,000 பிளாக் தள்ளிப் போய் ஊர் போடுவார்கள். ஓட்டமாக ஓடினாலே அரை மணி நேரம் ஆகும். வழியில் பசிக்கும், இருட்டும், கடல் குறுக்கிடும். நெதர் என்ற பாதாள உலகத்தின் வழியாகப் போனால் அங்கே ஒரு பிளாக் வெளியே 8 பிளாக்குக்குச் சமம் என்பதால் 1,250 பிளாக் போதும், நாலு நிமிடத்தில் வந்துவிடலாம் என்று புதியவர்களுக்கு ஆசை காட்டலாம். கீழே எரிமலைக் குழம்பு ஓடுவதையும், களைத்துப் போய்க் கட்டிலைப் போட்டுப் படுத்தால் கட்டில் வெடிக்கும் என்பதையும் அவர்கள் வந்து சேர்ந்தபின் சொன்னால் போதும். ஊர் நிர்வாகத்துக்கான டவுனி என்ற கூடுதல் மென்பொருள் போட்ட சர்வராக இருந்தால் இந்தக் கவலையே இல்லை. ஊரில் சேர்ந்தவன் ஒரு கட்டளை அடித்தால் நேரே ஊர் நடுவில் வந்து நிற்பான். அப்படியிருந்தும், நான் நடந்தே வந்து கண்டுபிடித்த இடம் இது என்ற கதையை மேயர் வாரம் ஒருமுறையாவது சொல்லிக்கொண்டிருப்பது நல்லது.

தூரமாகப் போனால் பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் டூ பி டூ டி சர்வரின் கதையைக் கேட்க வேண்டும். 2010 டிசம்பரிலிருந்து நடக்கிற சர்வர் அது. இடிக்கலாம், திருடலாம், ஏமாற்றலாம், கேட்பார் கிடையாது. ஸ்பானைச் சுற்றி ஒரு புல் பூண்டு விடாமல் அழித்துவிட்டார்கள். அமைதியாக வாழ ஆசைப்பட்டவர்கள் லட்சக்கணக்கான பிளாக் தள்ளி ஓடிப்போய், நெருங்கின நண்பர்களுக்கு மட்டும் இடத்தைச் சொல்லி, மாதக்கணக்கில் உட்கார்ந்து அரண்மனை கட்டினார்கள். சர்வர் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையைப் பிடித்துக்கொண்டு, 2018 முதல் 2021 வரை, ஒரு சிறு கூட்டம் இருந்த இடத்தைவிட்டு நகராமலேயே யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டிருந்தது. அரண்மனைக்காரர்களுக்கு இது தெரியவே தெரியாது. அரண்மனை இடிபட்டபோது நண்பர்களில் எவனோ காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? ஒரு படம் போதும். ஊரின் அழகைக் காட்ட நீங்கள் போடுகிற ஸ்கிரீன்ஷாட்டில் இடத்தின் எண்கள் தெரியாதபடி மறைத்துவிட்டதாக நிம்மதியாக இருப்பீர்கள். காலடியில் இருக்கிற புல்லைப் பாருங்கள். ஒவ்வொரு புல் பிளாக்கின் மேல்முகமும் நாலு திசையில் ஏதோ ஒரு திசைக்குத் திரும்பியிருக்கும். எந்தத் திசை என்பதை அந்தப் பிளாக் இருக்கிற இடத்தின் எண்ணே தீர்மானிக்கிறது. வேலை வெட்டி இல்லாத ஒருவன் படத்தில் சில டஜன் புல்லை எண்ணி, கணினியில் போட்டுத் தேடி, உங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட முடியும். வந்திருக்கிறார்கள். படம் போடாமல் ஆள் சேராது. படம் போட்டால் ஊர் தெரிந்துவிடும். இதற்கு எந்த மேயரும் இதுவரை வழி கண்டதில்லை. எல்லாரும் படத்தைப் போட்டுவிடுகிறார்கள் என்பதுதான் நடைமுறை.

எந்த மாதிரி நிலம் என்பதில் அதிகம் யோசிக்க வேண்டாம். 2023 ஜூனில் செர்ரித் தோப்பு வந்ததிலிருந்து எல்லா மேயர்களும் அங்கேதான் போகிறார்கள். மலைமேல் இளஞ்சிவப்பு இதழ்கள் உதிர்ந்துகொண்டே இருக்கும், படத்துக்கு அழகு. கோதுமை விதைக்கச் சமதளம் இருக்காது. வீட்டுக்கு வீடு படிக்கட்டு. 23 பிளாக் உயரத்திலிருந்து விழுந்தால் சாதாரணக் கவசம் போட்டவனும் பிழைக்க மாட்டான் என்பதால் குடிமக்கள் தொகை கொஞ்சம் ஏறி இறங்கும். சமவெளியில் புல், தண்ணீர், மாடு, குதிரை எல்லாம் காலடியிலேயே கிடைக்கும். ஆனால் அங்கே ஊர் போட்டால் யாரும் பொறாமைப்பட மாட்டார்கள். காளான் தீவில் பகை உயிர்கள் தோன்றா, மரமும் கிடையாது. கட்டைக்காகப் படகில் போய் வந்துகொண்டே காலம் போய்விடும். விளையாட்டே உண்டாக்கிய வில்லேஜர்கள் ஏற்கெனவே வாழ்கிற கிராமத்தை வளைத்துப் போடுவது சுலபம். வரி கேட்டால் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான். ஹார்டு நிலையில் ஜாம்பி கடித்துச் செத்த வில்லேஜர் ஒவ்வொருவரும் ஜாம்பியாக எழுந்துவருவார் என்பதால் ராத்திரிக் காவலுக்கு மட்டும் ஆள் போட வேண்டும்.

இனி மக்கள். நம்மூர் மனைப்பிரிவு நோட்டீஸ்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இது கைவந்த கலை. 6,000 பிளாக் தள்ளி இருந்தால் "ஸ்பானுக்கு மிக அருகில்" என்று போடுங்கள். சதுப்பு நிலத்தில் பாதி மூழ்கிக் கிடந்தால் "வற்றாத நீர் வசதி". பக்கத்து ஊரில் நாலு பேர் இருந்தால் "வேகமாக வளர்ந்துவரும் பகுதி". முன்பதிவு செய்பவர்களுக்குத் தங்கக் காசுக்குப் பதில் இரும்புக் கவசம். கவசத்தை மட்டும் அறிவிப்பில் கொட்டை எழுத்தில் போடவேண்டும், வருகிறவர்கள் அதைத்தான் படிப்பார்கள்.

"அண்ணா, உங்க ஊர்ல சேரலாமா?"

"வாங்க தம்பி. என்ன செய்யத் தெரியும்?"

"எல்லாம் தெரியும்ணா. டயமண்ட் குடுப்பீங்களா?"

"முதல்ல இரும்பு. உழைச்சா டயமண்ட் நீங்களே எடுக்கலாம்."

"சரிண்ணா. இரும்பு எங்கண்ணா?"

இந்தத் தம்பியை உடனே சேர்த்துக்கொள்ளுங்கள். கவசத்தை வாங்கிக்கொண்டு மறுநாள் காணாமல் போவான். ஆனால் குடிமக்கள் பட்டியலில் அவன் பெயர் இருக்கும். பட்டியல் நீளமாக இருந்தால்தான் கூடுதல் நிலம் வளைக்க முடியும். பெரும்பாலான ஊர்களில் குடிமக்களில் பாதிப் பேர் இப்படிப்பட்டவர்கள்தான், அவர்களால் எந்தத் தொந்தரவும் இல்லை.

தொந்தரவு உள்ளூரில் தங்குகிறவர்களால்தான். கட்டடக் கலைஞர் ஒருவர் வருவார். ஊர் நடுவில் ஒரு கோயிலோ கோட்டையோ கட்டுவதாகச் சொல்லி, எல்லாரிடமும் கல் வாங்கி, அஸ்திவாரம் போட்டு, இரண்டு சுவரை எழுப்பிவிட்டு வேறு சர்வருக்குப் போய்விடுவார். இடிக்கவும் மனம் வராது, முடிக்கவும் கல் இருக்காது. அடுத்தவர் ரெட்ஸ்டோன் விஞ்ஞானி. தானாகக் கோழி பொரித்துத் தருகிற இயந்திரம் கட்டுவார். இயந்திரம் ஓடும், கோழிகள் நூற்றுக்கணக்கில் பெருகி சர்வர்தான் ஓடாது. பகல் இரவு இரண்டும் சேர்ந்து 20 நிமிடத்தில் முடிந்துவிடுகிற உலகத்தில், எல்லாரும் படுத்தால்தான் ராத்திரி சட்டென்று கழியும் என்ற விதி இருக்கிறது. சென்னைக்காரர், சிங்கப்பூர்க்காரர், டொரண்டோக்காரர் மூவரும் படுத்துவிட்டார்கள், ஒருவன் மட்டும் சுரங்கத்தில் எங்கோ தோண்டிக்கொண்டிருக்கிறான், கூப்பிட்டால் "ஒரே நிமிஷம் ப்ரோ" என்கிறான். ஊர்கள் உடைவது போரினால் அல்ல, இந்த ஒரு நிமிஷத்தால்.

தமிழ்ப் பிள்ளைகளை நம்பி ஊர் நடத்துகிறவர்கள் மார்ச்சில் மக்கள்தொகை திடீரென்று விழுந்தால் பதற வேண்டாம், பொதுத்தேர்வு. ஏப்ரல் கடைசியில் திரும்பி வருவார்கள், தம்பி தங்கைகளையும் கூட்டிக்கொண்டு.

யாரை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு ஈவ் ஆன்லைன் நல்ல பாடம். 2003-ல் ஐஸ்லாந்துக்காரர்கள் தொடங்கிய விண்வெளி விளையாட்டு. அதில் கைடிங் ஹேண்ட் சோஷியல் கிளப் என்ற கூலிப்படை, உபிக்வா செராஃப் என்ற நிறுவனத்துக்குள் தன் ஆட்களைச் சாதாரண உறுப்பினர்களாகச் சேர்த்துவிட்டது. ஏறக்குறைய ஒரு வருடம் அவர்கள் விசுவாசமாக உழைத்தார்கள், பதவி உயர்வு வாங்கினார்கள், தலைவிக்கு வலது கையானார்கள். 2005-ல் ஒரு நாள் சமிக்ஞை வந்ததும் தலைவியின் கப்பலைச் சுட்டு வீழ்த்தி, கிடங்குகளைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். போன சொத்தின் மதிப்பு அன்றைக்கு ஏறக்குறைய 16,500 டாலர் என்று கணக்கிட்டார்கள். விளையாட்டின் விதிப்படி அது குற்றமே இல்லை.

இதிலிருந்து புதிய மேயர்கள் எடுத்துக்கொள்ளும் முடிவு, யாருக்கும் பெட்டியைத் திறக்க அனுமதி கொடுக்கக் கூடாது என்பது. டவுனியில் அதற்கு வசதி உண்டு. கட்டுவது, இடிப்பது, பெட்டியும் கதவும் திறப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி. எல்லாவற்றையும் மூடி வையுங்கள். குடிமக்கள் ஒவ்வொரு ரொட்டிக்கும் உங்களிடம் வந்து நிற்பார்கள், மேயர் என்பதற்கு அர்த்தமே அப்போதுதான் வரும். மூன்றாவது வாரம் ரொட்டி கேட்க ஆளிருக்காது என்பது வேறு விஷயம். எல்லாருக்கும் துணைமேயர் பதவி கொடுத்துவிடுகிற தாராள மனசுக்காரர்களும் உண்டு. அந்த ஊர்களில் துணைமேயர்கள் மட்டும் இருப்பார்கள்.

எந்த ஊரிலும் ஒருவன் இருப்பான். சாட்டில் பேசமாட்டான், கூட்டத்துக்கு வரமாட்டான். நீங்கள் நுழையும்போதெல்லாம் கோதுமை வயலில் நிற்பான். அறுத்த இடத்தில் உடனே விதைப்பான். பொதுப் பெட்டியில் ரொட்டியை அடுக்கிவைத்துவிட்டு, இருட்டுகிற மூலைகளில் தீப்பந்தம் நட்டுக்கொண்டு போவான். ஊர் நடப்பதே அவனால்தான். ஆகவே வழக்கப்படி அவனை யாரும் கவனிக்க வேண்டாம். விழா நடத்தி விருது கொடுக்கும்போது கோட்டைக்கு அஸ்திவாரம் போட்ட கலைஞருக்குக் கொடுங்கள்.

வரியைப் பற்றி ஒரு வார்த்தை. டவுனியில் ஊருக்குத் தினசரிப் பராமரிப்புச் செலவு உண்டு. நிஜ நாள் கணக்கில் நாளுக்கொருமுறை ஊர் கஜானாவிலிருந்து தானாகக் கழியும். வளைத்த நிலம் அதிகமானால் பல சர்வர்களில் செலவும் அதிகம். காணாமல் போன தம்பிகளை நம்பி நீங்கள் வளைத்த நிலத்துக்கு இப்போது நீங்கள்தான் ஒற்றை ஆளாகச் சுரங்கம் தோண்டிக் கட்ட வேண்டியிருக்கும். கஜானா காலியானால் ஊர் பாழடைந்ததாக அறிவிக்கப்படும். கொஞ்ச நாளில் வருகிறவன் போகிறவன் எல்லாம் சுவரை இடித்து எடுத்துப்போகலாம்.

அந்த நாளுக்கு முன்பே புது ஊருக்குக் கிளம்பிவிடுவது புத்திசாலித்தனம். இந்த முறை கோதுமைக்காரனைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று தோன்றும். தேடிப் பாருங்கள். அவன் போய் வெகு நாளாகிவிட்டது, சமவெளியில் எங்கோ மேயராக இருக்கிறான். அவன் ஊர் விளம்பரம் உங்களுக்கும் வந்திருக்குமே? படம் கிடையாது. ஒரே வரி: சாப்பாடு உண்டு, பெட்டி பூட்டுவதில்லை.